இரண்டாவது ஆள்

ஸ்டில்சன் ஊரில் ஓட்டுச் சாவடிக்கு டோனட் கொண்டு வருபவர் யாரென்று கேட்டால் சின்னக் குழந்தைகூட நார்ப் டோம்கா என்று சொல்லிவிடும். தேர்தல் எதுவானாலும் சரி, காலை எட்டு மணிக்கு இரண்டு டஜன் டோனட்டோடு மனுஷன் டவுன்ஷிப் ஹாலில் ஆஜர். ஜனாதிபதி தேர்தல், நூலக வரி, வாய்க்கால் கமிஷனர் தேர்தல் என்று எதையும் விட்டதில்லை. சட்டைப் பையின் மேல் 'நான் ஓட்டு போட்டேன்' ஸ்டிக்கர் பளபளக்கும். அதோடு நேராக டாட்டி டைனர் என்ற காப்பிக் கடைக்கு வந்து, ஓட்டு போடாதவர்களைப் பிடித்துக் காய்ச்சுவார். நாடு நாசமாய்ப் போவதற்குக் காரணம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் சோம்பேறிகள்தான் என்று வாய் கிழியப் பேசுவார். நாங்களும் தலையாட்டினோம். அறுபத்து நாலு வயது மனுஷன், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து ரிட்டயரானவர். யாருக்குச் சந்தேகம் வரும்?

அந்த நார்ப் தன் ஆயுசில் ஒரு ஓட்டுகூடப் போட்டதில்லை.

இருபத்திரண்டு வயதில், தெற்கே வேறு ஊரில், இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு தானியக் கிடங்கின் பூட்டை உடைத்து மாட்டிக்கொண்டார். பதினாலு மாசம் ஜெயில். வெளியே விடும்போது வாசலில் இருந்த காவலன் துணி மூட்டையைக் கையில் கொடுத்து, "துப்பாக்கி, ஓட்டு, ரெண்டையும் மறந்துடு, தம்பி" என்றான். சட்டம் தெரிந்து சொன்னானோ, சும்மா சீண்டினானோ, யார் கண்டது? எங்கள் மிச்சிகனில் ஜெயிலை விட்டு வெளியே வந்தவன் தாராளமாக ஓட்டு போடலாம். இதை நார்ப் நாற்பது வருஷத்தில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், உனக்கு எதற்கு இந்தக் கேள்வி என்பார்களே!

ஏனென்றால் ஸ்டில்சனுக்கு வந்தபோது ஜெயிலைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. லவோனைப் பார்த்தார், பிடித்துப்போனது. லவோனின் அப்பா ஷெரிஃப் ஆபீஸில் டெபுடி, அதாவது போலீஸ்காரர். அந்த வீட்டில் போய், நான் பூட்டு உடைத்தவன் என்று எந்த மடையன் சொல்வான்? கல்யாணமான வருஷம் நவம்பரில் மாமனார் சாப்பாட்டு மேஜையில் வைத்து, ஓட்டு போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றார் நார்ப். அன்றைக்கு வாயிலிருந்து விழுந்த அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் இத்தனை டோனட்டும்.

லவோன் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டை முடித்துவிட்டு மத்தியானம் போய் ஓட்டு போடுவார். நார்ப் காலையிலேயே போய்விடுவார். சாவடியில் இருப்பவர்களிடம், "என்னோடது தபால்லயே அனுப்பிட்டேன்" என்பார். வீட்டில், நேரில் போட்டேன் என்பார். ஸ்டிக்கர்? ஒரு ரோலே வாங்கி, தூண்டில் பெட்டியில் புழு டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். வருஷா வருஷம் சர்வே எடுக்கும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் போன் செய்தால், லவோன் காதில் விழும்படி கணீரென்று, போட்டேன், போட்டேன், போட்டேன் என்று அடித்துவிடுவார். ஜனங்கள் இந்தக் கேள்விக்குக் கூசாமல் பொய் சொல்வார்கள் என்பது அந்தப் படிப்பாளிகளுக்கு எப்போதோ தெரியும். பதிவேட்டை எடுத்து வைத்துச் சரிபார்ப்பதே அவர்கள் தொழில். நார்ப்புக்குத்தான் அது தெரியாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது, ஆபீஸ்காரர்களே அவரை வாக்காளர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். இப்போதெல்லாம் அது தானாகவே நடக்கிறது. தபாலில் அட்டை வந்தது. வேறு மனுஷனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான், எனக்கும் உரிமை உண்டு போலிருக்கிறதே என்று. நார்ப் அதை மடித்துச் சட்டைக்குள் ஒளித்தார். வேறு எங்கோ ஒரு மாநிலத்தில், ஜெயிலுக்குப் போய்வந்து ஓட்டு போட்ட யாரையோ மறுபடி உள்ளே தள்ளியதாக டிவியில் பார்த்திருந்தார். இது பொறி என்று முடிவு கட்டி, கொல்லையில் குப்பை எரிக்கும் பீப்பாயில் அட்டையைப் போட்டுக் கொளுத்தினார். கொளுத்தினால் அட்டை போகும், பட்டியலில் பேர் போகுமா?

இவ்வளவோடு போயிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. பள்ளிக்கூட வரி வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மே மாதம். எங்கள் ஆரம்பப் பள்ளியைத் தொடர்ந்து நடத்த வரி போடலாமா வேண்டாமா என்று தனித் தேர்தல். லவோன் அங்கே இருபத்தாறு வருஷமாகத் தலைமைச் சமையல்காரர். ஊர்ப்பிள்ளைகள் பாதிப் பேர் அவர் கை மக்ரோனி தின்று வளர்ந்தவர்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். முழங்கால் வீங்கிப்போகும், ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் கிளம்புவார். ஒவ்வொரு ஓட்டும் முக்கியம் என்று நார்ப்பிடமும் பத்துத் தடவை சொன்னார். தேர்தலன்று ஹாலில் டோனட் பெட்டியை வைத்துவிட்டு, ஓட்டு மறைப்புகளுக்குப் பத்தடி தூரத்தில் நின்றபோது நார்ப்புக்கு முதல் முறையாகக் கை துறுதுறுத்தது. வரிசையில் நின்றுவிடலாமா என்று நினைத்தார். உள்ளே டெபுடி யூனிஃபாரத்தில் ஒருவன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். நார்ப் தபால் கதையைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வேண்டும் என்றவர்கள் 412. வேண்டாம் என்றவர்கள் 413.

இந்த வேண்டாம் என்ற 413 பேரை ஊரில் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களெல்லாம் நம்ம கட்சி. எங்கள் மாவட்டத்தில் மகள் குடிகாரனைக் கட்டிக்கொண்டால் நாலு நாள் அழுதுவிட்டு விட்டுவிடுவோம். எதிர்க்கட்சிக்காரனை, பேர் சொல்லாமல் 'அந்தக் கட்சி' என்போமே, அவனைக் கட்டினால் நவம்பர் மாத நன்றித் திருநாள் விருந்துக்குக் கூப்பிட மாட்டோம். பள்ளிக்கூடத்தைப் பற்றி நம்ம கட்சி என்ன சொல்கிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்து டவுனில் அந்தக் கட்சிக்காரர்கள் வரி வேண்டும் என்று பலகை நட்டார்கள், அதனால் நாங்கள் வேண்டாம் என்றோம். அவ்வளவுதான் எங்கள் அரசியல் ஞானம். இதைப் பேராசிரியர்கள் தடித்தடிப் புத்தகமாக எழுதுகிறார்களாம். டாட்டி டைனரில் ஒரு காப்பி குடித்தால் போதாதா?

ஆனாலும் கோபம் எங்கேயாவது போக வேண்டுமே. மறுநாள் காலை டைனரில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது தன்னைப் பார்த்து, நேற்று வரிசையில் உன்னைக் காணோமே என்று கேட்டுவிடுவார்களோ என்று நார்ப்புக்குப் பயம். முந்திக்கொண்டார். காப்பி ஊற்ற வந்த ட்ரினாவிடம், எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"ஏம்மா ட்ரினா, நேத்து நீ ஓட்டு போட்டியா?"

ட்ரினா இருபத்தெட்டு வயதுப் பெண். தனியாக ஒரு மகளை வளர்க்கிறாள். அந்த மகள் அதே பள்ளியில் முதல் வகுப்பு. வீடு, நார்ப் இருக்கும் அதே கிராவல் பிட் ரோட்டில், நாலு வீடு தள்ளி. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, பாவம். "இல்லைங்க. டபுள் ஷிஃப்ட்டு. ஓடிப்போகலாம்னு பார்த்தேன், முடியலை" என்றாள்.

நார்ப் அத்தோடு விட்டிருக்கலாம். எல்லோரும் தன் பக்கம் சாய்வதைப் பார்த்ததும் நாக்கு நீண்டுவிட்டது. ஒரு ஓட்டு கூடியிருந்தால் சமன்தான், சமன் என்றால் தோல்விதான், ஜெயிக்க இரண்டு ஓட்டு வேண்டியிருந்தது என்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். "ரெண்டு சோம்பேறிங்க சேர்ந்து பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. ஒண்ணு இங்க காப்பி ஊத்துது. ரெண்டாவது ஆள் யாருன்னு நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றார்.

அந்தப் பேச்சு ஊரெல்லாம் ஓடியது. ட்ரினாவின் மேஜைகளில் டிப்ஸ் வைப்பதை நிறுத்தினார்கள். அவள் கார்க் கண்ணாடியில் யாரோ சோப்பால் 'ஒண்ணு' என்று எழுதிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடம் மூடி, பிள்ளைகள் ஒரு மணி பத்து நிமிஷம் பஸ்ஸில் போக ஆரம்பித்தார்கள். லவோனுக்கு வேலை போயிற்று. நாற்பது மைல் தள்ளி ஆஸ்பத்திரி சமையல்கட்டில், மகன் வயது மேனேஜர் நேரத்தைக் குறித்து வைக்க, பொட்டலம் பிரித்துச் சூடு பண்ணும் வேலை. ஒருநாள் மளிகைக் கடையில் ட்ரினாவும் மகளும் எதிரே வந்தபோது லவோன் ஆத்திரம் தாங்காமல், "உன் பொண்ணு பஸ்ல தூங்கி வழியறாளே, அது நீ பண்ணினது. நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று கேட்டுவிட்டார். குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பக்கத்தில் தள்ளுவண்டியோடு நின்ற நார்ப், பீன்ஸ் டப்பாவில் உப்பு எவ்வளவு என்று படித்துக்கொண்டிருந்தார்.

ட்ரினா அதற்குப் பிறகு ஒரு தேர்தலையும் விடவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவுமில்லை. இரண்டாவது ஆள் என்பது மட்டும் டைனரில் நிரந்தர வேடிக்கையாகிவிட்டது. யார் காப்பியைக் கொட்டினாலும், நீதானடா ரெண்டாவது ஆள் என்பார்கள். நார்ப்பும் சேர்ந்து சிரிப்பார்.

இந்த ஜூலையில் கடிதம் வந்தது. பல்கலைக்கழக ஆய்வு என்று உறையில் போட்டிருந்தது. உள்ளே மேலே கொட்டை எழுத்தில், 'உங்கள் அக்கம்பக்கத்தார் ஓட்டு போடுகிறார்களா?' என்று ஒரு கேள்வி. யாருக்குப் போட்டார்கள் என்பதுதான் எங்கள் நாட்டில் ரகசியம். போட்டார்களா இல்லையா என்பது பொதுப் பதிவேடு, கேட்பவர் யாருக்கும் கிடைக்கும். கீழே கிராவல் பிட் ரோட்டுக்காரர்கள் பெயர்கள், எதிரே இரண்டு கட்டம். ஒன்று அந்த மே மாதத் தேர்தல், இன்னொன்று போன நவம்பர். லவோன் டோம்கா: போட்டார், போட்டார். நார்பர்ட் டோம்கா: வெற்று, வெற்று. ஆகஸ்ட் தேர்தல் முடிந்ததும் புதுப் பட்டியல் அனுப்புவோம், அக்கம்பக்கத்தாரும் பார்ப்பார்கள் என்று கடைசி வரி. கடமை, ஜனநாயகம் என்று கெஞ்சினால் ஒருத்தரும் அசைவதில்லை, மானத்தை வாங்கினால் ஓடி வருகிறார்கள் என்று படித்தவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதை எங்கள் ரோட்டில் சோதித்துப் பார்த்தார்கள்.

நார்ப் தபால்பெட்டி பக்கத்தில் நின்றபடியே படித்தார். லவோன் வேலையிலிருந்து வருவதற்குள் பீப்பாயில் போட்டு எரித்துச் சாம்பலையும் கிளறிவிட்டார். அப்பாடா என்று உட்கார்ந்தார். மற்றவர்கள் பெயர் தன் கடிதத்தில் இருந்தால் தன் பெயர் மற்றவர்கள் கடிதத்தில் இருக்கும் என்பது அந்த மனுஷனுக்கு ராத்திரி முழுக்க உறைக்கவில்லை. இத்தனை வருஷமாக ஒரே ஒரு ஆளிடமிருந்து ஒளித்துப் பழகியவர். அவருக்கு லவோனின் கண்தான் கணக்கு, ஊர் கண்ணில்லை.

மறுநாள் காலை டைனருக்குப் போனார். அன்றைய பழப் பலகாரங்களை எழுதும் பலகையில், செர்ரிக்கும் ருபார்புக்கும் நடுவே, அந்தக் கடிதம் குத்தியிருந்தது. யாரும் எதையும் கோடிடவில்லை, வட்டமிடவில்லை. ட்ரினா வந்து அவர் கோப்பையை நிரப்பினாள். ஜாடியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருஷமா தேடினீங்களே, மிஸ்டர் டோம்கா. கிடைச்சுட்டாரு."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் வெர்ன், முப்பது வருஷம் கூடவே மீன் பிடித்தவர், தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "ஏன்டா நார்ப், நீ அந்தக் கட்சியாடா?" என்று கேட்டார். வேறு காரணம் எதுவும் வெர்னுக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம், பொய், ட்ரினா பட்ட பாடு, எல்லாம் அவருக்கு அப்புறம்தான். இல்லை என்று நார்ப் தலையாட்டினார். காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

வீட்டில் லவோன் சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு லீவு. வெர்னின் மனைவி முதல் நாளே தன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். ராத்திரி பூரா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நார்ப் தானாகச் சொல்வாரா என்று காத்திருந்திருக்கிறார் லவோன். இப்போது அதை மேஜையில் விரித்து வைத்து, சொல்லு என்றார்.

நார்ப் சொன்னார். நின்றுகொண்டே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தானியக் கிடங்கு, பதினாலு மாசம், காவலன் சொன்னது, மாமனார் கேட்டது, தூண்டில் பெட்டி, எல்லாவற்றையும் கொட்டினார். ஜெயிலுக்குப் போனவன் என்று தெரிந்தால் விட்டுப் போய்விடுவாயோ என்று பயந்தேன் என்றார். நாற்பது வருஷப் பாரம் இறங்கியது போல ஒரு நிமிஷம் இருந்தது. ஒரே நிமிஷம்தான்.

"எனக்குத் தெரியும்" என்றார் லவோன்.

நார்ப்புக்குப் புரியவில்லை.

"அப்பா டெபுடி, நார்ப். மகளைக் கட்டப்போறவன் யாருன்னு பார்க்காம இருப்பாரா? நிச்சயத்துக்கு முன்னாடியே உன் ரெக்கார்டை எடுத்துப் பார்த்துட்டாரு. பையன் உள்ள இருந்துட்டு வந்திருக்கான், ஆனா கணக்கு தீர்ந்தாச்சு, ஓட்டு மொதக்கொண்டு எல்லாம் திரும்பிக் கிடைச்சாச்சு, உனக்குப் பிடிச்சா கட்டிக்கோன்னாரு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லலை. சரி, மனசு நோகுமேன்னு நானும் கேட்கலை."

"ஓட்டு மொதக்கொண்டா?" என்றார் நார்ப்.

லவோன் கடிதத்தை மடித்தார். "அந்தப் பொண்ணை நான் கேட்ட கேள்வி இருக்கே. நீ பக்கத்துலயே நின்னே" என்றார். பீன்ஸ் டப்பா வைத்துக்கொண்டு நின்றாய் என்று சொல்லவில்லை. நார்ப்புக்கு அது கேட்டது.

மறுநாள் லவோன் டைனரின் பின்வாசலுக்குப் போய் ட்ரினாவிடம் மன்னிப்புக் கேட்டார். ட்ரினா குப்பைப் பையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், மன்னிப்பால் பஸ் ஒரு நிமிஷம் முந்தி வராது என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் மன்னிக்கவில்லை, அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

ஆகஸ்ட் முதல் செவ்வாய், தேர்தல் நாள். நார்ப் ஷேவ் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, டோனட் இல்லாமல் ஹாலுக்குப் போனார். எல்லோரும் வழிவிட்டார்கள். அது மரியாதைக்காக இல்லை. பதிவேட்டில் பெயர் தேடிய பெண், "இந்தத் தடவை தபால்ல அனுப்பலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டை நீட்டினாள். மறைப்புக்குள் போனார். நாற்பது வருஷமாகத் தள்ளி நின்றே பார்த்த இடம். பெயர்களுக்கு எதிரே முட்டை வடிவத்தில் சின்னச் சின்ன வட்டங்கள், பேனாவால் கறுப்பாக்க வேண்டும். யார் என்ன என்று ஒரு பெயரும் தெரியவில்லை. நம்ம கட்சிப் பக்கம் இருந்த பெயர்களையெல்லாம் மேலிருந்து கீழே நிரப்பிக்கொண்டே வந்தார். வெளியே வரும்போது நிஜமான ஸ்டிக்கர் ஒன்றைக் கொடுத்தார்கள். அதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஏழேகாலுக்கும் வெயில் இறங்கவில்லை. லவோன் தோட்டத்துப் பீன்ஸை மடியில் போட்டுக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஒரு தேர்தலும் விடாத ஆள் அவர்தான். இரட்டைப் பிள்ளை வயிற்றில் இருந்தபோதும், அப்பாவை அடக்கம் செய்த மறுநாளும் போய்ப் போட்டவர். இன்றைக்கு வீட்டுச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நார்ப் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு வரைக்கும் திறந்திருக்கும் என்று மெல்லச் சொன்னார். காரை எடுக்கட்டுமா என்றார்.

லவோன் கிள்ளுவதை நிறுத்தவில்லை. "ட்ரினாவைக் கேட்டியே, எல்லார் முன்னாடியும். அதே மாதிரி என்னையும் கேளேன், நார்ப். போட்டியான்னு."

நார்ப் கேட்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மணி ஆயிற்று. பீன்ஸும் தீர்ந்தது. அன்றையிலிருந்து லவோன் பிள்ளைகள் அறையில் படுத்துக்கொள்கிறார். சோறு போடுகிறார், மாத்திரை எடுத்து வைக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். கேட்காமல் ஒரு வார்த்தை கிடையாது.

செப்டம்பரில், சொன்னபடியே புதுப் பட்டியல் வந்தது. சொன்ன சொல் தவறாதவர்கள் அந்த ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும்தான். ரோட்டில் எல்லா வீட்டுக்கும் ஒன்று. நார்ப் இந்தத் தடவை எரிக்கவில்லை. தபால்பெட்டி பக்கத்தில் நின்று விரல் வைத்துத் தேடினார். ட்ரினா: போட்டார். நார்பர்ட் டோம்கா: போட்டார். அதற்கு அடுத்த வரியில் லவோன் டோம்கா, எதிரே வெற்றுக் கட்டம்.

அவர்கள் இதை வீட்டுக் கணக்காகக் கூட்டுவார்களாம். கடிதத்துக்கு முன்னால் அந்த வீட்டில் ஓட்டு ஒன்று, பின்னால் ஓட்டு ஒன்று. டோம்கா வீட்டுக்கு நேரே, விளைவு எதுவும் இல்லை என்று எழுதியிருப்பார்கள்.